தலைக்கு ஐந்து ரூபாய்

நாங்கள் அந்த வழக்கில் தோற்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை ஆரம்பித்தாலே கேட்பவர்கள், "பாவம், தோட்டத்து ஜனங்கள், கோர்ட்டில் யார் அவர்கள் பேச்சைக் கேட்பார்கள்" என்று உச்சுக்கொட்டத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். கோர்ட்டு கேட்டது. எதிர்த்தரப்பு இறங்கி வந்தது. பணமும் கைக்கு வந்தது. கெட்டதெல்லாம் அதற்குப் பிறகு, என் கண் முன்னால், நான் எழுதிய ஒரு பில்லை வைத்து நடந்தது.

இரயில் அப்புத்தளைக்குக்கூட வந்திராத காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. பதுளைக் கடைவீதியில் அப்பாவுக்குத் துணிக்கடை இருந்தது. முழம் போட்டுத் துணி கிழிக்கும் வேலை எனக்குப் பிடிக்கவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு ஒரு புரொக்டரிடம் கிளாக்கராகச் சேர்ந்தேன். கட்சிக்காரர்களுக்காக மனுப்போட்டு, கோர்ட்டில் பேசி, பீஸ் வாங்குகிறவர்தான் புரொக்டர். எங்கள் புரொக்டர் பறங்கியர். தமிழில் "வா", "போ", "சல்லி எங்கே" என்ற மூன்றும் அவருக்கு நன்றாக வரும். மற்றதற்கெல்லாம் நான். மாதம் பதினைந்து ரூபாய் சம்பளம். தோட்டத்து ஜனங்கள் என்னைக் "கிளாக்கரய்யா" என்று கூப்பிடுவார்கள். அந்த "அய்யா"வில் மயங்கித்தான் இரண்டு வருஷம் சம்பள உயர்வு கேட்காமல் இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

நமுனுகுல மலைச்சரிவில் ஒரு கோப்பித் தோட்டம் இருந்தது. அந்த நாட்களில் எல்லாத் தோட்டங்களுக்கும் வந்தது அதற்கும் வந்தது. இலைக்கு அடியில் மஞ்சள் பொடி படிந்து, மரமெல்லாம் மொட்டையாகி, காய்ப்பு நின்றது. தோட்டத்துத் துரை கடன் பேசிவிட்டு வருகிறேன் என்று கொழும்புக்குப் போனார், போனவர் திரும்பவில்லை. எட்டு மாதச் சம்பளம் நின்று போயிற்று. அரிசி மட்டும் அரைகுறையாக வந்துகொண்டிருந்தது. தோட்டத்தை யாரோ புதிதாக வாங்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்ததும், பெரிய கங்காணி தலைப்பாகையும் கோட்டுமாக எங்கள் ஆபீசுக்கு வந்து நின்றார்.

அந்த ஆட்களைக் கடல் தாண்டி ஊரிலிருந்து திரட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான். அவர்களுக்குச் சம்பளம் அவர் கை வழியாகத்தான் போகும். கப்பல் செலவு, கம்பளி, கல்யாணம், சாவு என்று எல்லாருக்கும் அவரிடம்தான் கடன். அந்தக் கடன் தீர்ந்தது என்று ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தால்தான் ஒருவர் அந்தத் தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போகலாம். துண்டு இல்லாமல் போனால் பிடித்து வந்து மறியலில், அதாவது ஜெயிலில், போடுவார்கள்.

"அவங்களுக்குச் சம்பளம் வந்தாத்தானுங்க எனக்குக் கடன் வரும்" என்றார் கங்காணி. ஒளிவுமறைவு இல்லாத மனிதர். அவரை நான் கெட்டவராக எழுத மாட்டேன். அப்படி எழுதினால் எனக்கு வசதியாகப் போய்விடும்.

வழக்குக்குப் பேர் எழுத லயத்துக்குப் போனவன் நான்தான். மலை ஏறிப் போய்ச் சேரும்போது மத்தியானம். லயம் என்றால் தெரியுமல்லவா, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு காம்பரா, அதாவது அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், சில அறைகளில் இரண்டு குடும்பம். ஒரு காம்பராவின் வாசலில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதினேன். எட்டு மாதத்தில் யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்று கங்காணி தன் ஓலையையும் நினைவையும் வைத்துச் சொல்லச் சொல்ல, நான் தாளில் ஏற்றினேன்.

அந்தப் பெண் ஏறக்குறைய கடைசியில் வந்தாள். முப்பது வயது இருக்கலாம். புருஷன் முந்தின வருஷம் வயிற்றுப்போக்கில் போய்விட்டான். இரண்டு பெண்பிள்ளைகள். பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு ஏழு. சின்னவள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். நின்று நிதானமாக இருமினாள், நாள்பட்ட இருமல்.

"எம்பேர மட்டும் எழுதுங்க கிளாக்கரய்யா" என்றாள்.

பிள்ளைகள் வேலை செய்யவில்லையா என்று கேட்டேன். பெரியவள் சில மாதம் அரைச் சம்பளத்துக்குக் களை பிடுங்கியிருக்கிறாள். சின்னவள் பழ நாட்களில் கீழே உதிர்ந்த கோப்பிப் பழத்தைப் பொறுக்கியிருக்கிறாள், ஆறு வாரம், கால் சம்பளம்.

"அப்போ அதுவும் சேரவேண்டிய காசுதானே? ஏன் விடுகிறாய்?"

"கோர்ட்டுல புள்ளைங்க பேரெல்லாம் வேணாங்கய்யா. எங்கடன் பதிமூணு ரூபாதானுங்க. எஞ்சம்பளத்துல பாதி வந்தாக்கூடத் தீந்துரும். துண்ட வாங்கிக்கிட்டு அப்புத்தளைக்கு அண்ணங்கிட்டப் போயிருவேன். கங்காணியய்யா ஆளுகள எல்லாம் மடுல்சீமைக்குக் கூட்டிட்டுப் போறாருங்க. புதுக்காடாம், ரோட்டுகூட இல்லியாம். இந்தக் குளிருக்கே இது இப்படி இருமுது. அங்க கொண்டுபோனா எம்புள்ள தாங்காதுங்க."

இவ்வளவையும் அவள் எனக்குத் தெளிவாகச் சொன்னாள். எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளுக்குப் புத்தி சொன்னேன். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், உழைத்த காசு சின்னப்பிள்ளையுடையதானாலும் காசுதான், பேர் கூடினால் பணம் கூடும், வெட்கப்படாமல் மூன்று பேரையும் எழுதச் சொல் என்றேன். சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். நான் பேசினால் அப்படி ஆட்டுவார்கள். அது எனக்குப் பிடிக்கும். அவள் நம்பாதவள் மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "அய்யா சொன்னாச் சரிங்க" என்று பிள்ளைகளின் பேரைச் சொன்னாள். மூன்று பேரையும் அழகாக எழுதினேன். மொத்தம் அறுபத்திரண்டு தலை.

வழக்கு நாலு மாதம் நடந்தது. நடந்தது என்றால், தள்ளிப்போட்டார்கள். ஒவ்வொரு தவணைக்கும் பத்துப் பேர் மலையிலிருந்து இறங்கி வந்து கோர்ட்டு வாசல் மரத்தடியில் குந்தியிருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஐந்தாம் தவணையில் சம்பளப் பாக்கி தீராமல் தோட்டம் கைமாறாது என்பதால், தோட்டத்தை வாங்குகிறவர்கள் பக்கம் வக்கீல் வந்து, கேட்டதில் பாதி தருகிறோம், செலவை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். எங்கள் புரொக்டர் என்னைப் பார்த்தார், நான் கங்காணியைப் பார்த்தேன், கங்காணி தலையை ஆட்டினார். ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு ராஜி ஆயிற்று.

அன்று சாயங்காலம் பில் எழுதினேன். புரொக்டர் பீஸ் இருநூறு. கோர்ட்டு முத்திரை அறுபத்தைந்து. வண்டி, சாப்பாடு, சாட்சிச் செலவு முப்பத்தைந்து. மொழிபெயர்த்ததற்காக எனக்குப் பத்து. பீஸ் கொஞ்சம் கனம்தான், ஆனால் பதுளையில் அதைவிடக் குறைவாக யாரும் அந்த வேலையைச் செய்திருக்க மாட்டார்கள். முன்னூற்றுப் பத்தையும் ஆபீசிலேயே பிடித்துக்கொண்டு, மீதி எண்ணூற்றுத் தொண்ணூறை ஒரு பையில் போட்டு, கங்காணியோடு என்னையும் அனுப்பினார் புரொக்டர். பணம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு நான் சாட்சி.

எனக்கு அந்தப் பத்து ரூபாயில் அளவில்லாத சந்தோஷம். வழியெல்லாம் அதை எப்படிச் செலவழிப்பது என்றே நினைத்துக்கொண்டு போனேன்.

கங்காணி வீட்டில் கோழிக்குழம்பு. வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, தினமும் காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு நிறுத்தி வேலைக்குப் பிரிக்கும் களத்துக்கு வந்தோம். மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டிருந்தார்கள். ஆட்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். குளித்து, எண்ணெய் வைத்து, சில பேர் விபூதி பூசி வந்திருந்தார்கள். பையைத் திறந்ததும் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

கங்காணி எழுந்து நின்று சொன்னார்: "கேசு செலவு முன்னூத்திப் பத்து. நாம அறுவத்திரெண்டு தல. தலைக்கு அஞ்சு ரூபா."

வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது. மறுக்க என்ன இருக்கிறது? தோட்டத்தில் எல்லாச் செலவும் தலைக்குத்தான் விழும். மாரியம்மன் திருவிழா தலைக்கு இவ்வளவு. கம்பளி தலைக்கு ஒன்று. சலவைக்காரனுக்கும் நாவிதனுக்கும் தலைக்கு இவ்வளவு. பங்கு பிரிப்பதற்கு அவர்களுக்கு வேறு முறை தெரியாது, கங்காணிக்கும் தெரியாது. அவர் ஏமாற்றவில்லை. தன் வீட்டு ஐந்து தலைக்கும் இருபத்தைந்து ரூபாயை முதலிலேயே கழித்துவிட்டார்.

 எனக்கு மட்டும் வேறு முறை தெரியும். யாருக்கு எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்குத்தான் செலவும் பிடிக்க வேண்டும். ஆபீசில் பங்காளிகள் வழக்கில் எத்தனையோ தடவை அப்படிப் பிரித்து எழுதியிருக்கிறேன். இந்த வழக்கில் ரூபாய்க்குக் கால் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். மனக்கணக்காகவே போடலாம்.

அவள் முறை வந்தது. அவளுக்குப் பத்தொன்பது ரூபாய். பெரியவளுக்கு மூன்று. சின்னவளுக்கு ஒன்று. ஆகமொத்தம் இருபத்துமூன்று.

"மூணு தலைக்குப் பதினஞ்சு கழிச்சா எட்டு" என்றார் கங்காணி. "கடன் பதிமூணுல எட்டு போனா அஞ்சு நிக்கிது. புள்ளடி போடு."

அவளுக்கு எழுத்துத் தெரியாது, கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடிதான் போடுவாள். ஆனால் கணக்கு உடனே தெரிந்தது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கங்காணியைப் பார்த்தாள்.

"அய்யா, சின்னவளுக்கு வந்ததே ஒரு ரூபாதானுங்களே. அதுக்கு எப்படிங்க அஞ்சு ரூபா புடிக்கிறது?"

"தல தலதானம்மா. கோயிலுக்குப் புடிக்கிறப்ப சின்னத் தல, பெரிய தலன்னா பாக்குறோம்?"

பின்னால் நின்ற ஒருவன், தனிக்கட்டை, முழுச் சம்பளக்காரன், "ஆமா, எப்பவும் அப்படித்தானே" என்றான். அவனுக்கு இருபத்தைந்தில் ஐந்துதான் போகிறது. இன்னும் இரண்டு மூன்று பேர் ஆமாம் போட்டார்கள்.

கங்காணி என் பக்கம் திரும்பினார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று நான் இன்றும் நம்புகிறேன். "என்னங்க கிளாக்கரய்யா, சட்டம் என்ன சொல்லுது?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்திருந்தால் போதும். ஆறு ரூபாய்க்குள்தான் அவளுக்குப் பிடித்திருப்பார்கள். பதினேழு ரூபாய் கையில் நின்றிருக்கும். கடன் பதிமூன்று போக, நாலு ரூபாயை முடிந்துகொண்டு மறுநாள் காலை இரண்டு பிள்ளைகளோடும் அப்புத்தளைக்கு நடந்திருப்பாள். அது போகட்டும், என் புத்தியைக் கேட்காமல் தன் பேரை மட்டும் எழுதியிருந்தால்கூட, பத்தொன்பதில் ஐந்து போய்ப் பதினாலு நின்றிருக்கும். துண்டு கிடைத்திருக்கும். நான் உபகாரம் செய்யப்போய்த்தான் மாட்டிக்கொண்டாள்.

ஆனால் கணக்கை மாற்றினால் முதலிலிருந்து அறுபத்திரண்டு பேருக்கும் திருப்பிப் போட வேண்டும். ஏற்கெனவே வாங்கிப் போனவர்களில் சிலரிடம் திரும்ப வாங்க வேண்டும். சண்டை வரும். மழை வேறு கட்டிக்கொண்டு நின்றது. இருட்டுவதற்குள் நான் பதுளைக்கு இறங்க வேண்டும். கங்காணி நாளைக்கும் எங்கள் ஆபீசுக்கு வர வேண்டிய ஆள். அவர் வீட்டுக் கோழி இன்னும் என் வயிற்றில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பேர் எழுதச் சொன்னது தப்பு என்று அத்தனை பேர் முன்னால் நானே ஒப்புக்கொள்ள வேண்டும்.

"அது உங்களுக்குள்ளே பேசிக்கொள்கிற விஷயம்" என்றேன். "சட்டம் அதில் தலையிடாது."

அவள் கங்காணியிடம் கெஞ்சினாள். அஞ்சு ரூபாயை அப்புத்தளையிலிருந்து அனுப்பிவிடுகிறேன், அண்ணன் தருவான் என்றாள். "கடன் நிக்கிறப்ப நான் எப்படிம்மா துண்டு குடுப்பேன்? மடுல்சீமைத் தொரைக்கிட்ட இத்தன தலன்னு சொல்லி முன்பணம் வாங்கிட்டேனே" என்றார் அவர். அதுவும் நிஜம்தான்.  புள்ளடி போட்டுவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றாள்.

என் சட்டைப் பையில் பத்து ரூபாய் இருந்தது. அதிலிருந்து ஐந்தை எடுத்து மேசையில் வைத்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது, நன்றாகவே தோன்றியது. ஐந்து ரூபாய்தானே, ஒன்றிரண்டு மாதத்தில் உழைத்துத் தீர்த்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுந்து குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அந்தப் பத்து ரூபாயில் என் காலுக்கு ஒரு ஜோடி சப்பாத்து வாங்கினேன். என்னை நானே திட்டிக்கொள்ள இதைவிட நல்ல சொற்கள் இருந்தால் எழுதுவேன். இத்தனை வருஷமாகக் கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் திருவிழா லீவில் அவள் பதுளைக்கு வந்தாள். மடுல்சீமையிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். பெரியவள் கூட வந்தாள். நான் ஆபீஸ் விறாந்தையில் உட்கார்ந்து ஏதோ பிரதி எழுதிக்கொண்டிருந்தேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. இரண்டு பேரும் அவ்வளவு இளைத்திருந்தார்கள்.

"சின்னவள் எங்கே?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஐப்பசி மழையில போயிருச்சுங்க."

அழவில்லை. வழக்கு விஷயமாக ஒன்று கேட்க வந்ததாகச் சொன்னாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பாள் போல, ஒரே மூச்சில் சொன்னாள். "அவ பேர கங்காணியய்யா பேரேட்டுல வெட்டிட்டாருங்க. அரிசியும் நிறுத்தியாச்சு. தலையே இல்லன்னு ஆயிருச்சுல்லங்க, அப்ப அந்தத் தலைக்குப் புடிச்ச அஞ்சு ரூபா திரும்ப வருமான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேனுங்க. இவள மட்டுமாவது அங்கேருந்து கொண்டு போயிறணும்."

பெரியவளும் இருமுகிறாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"வராதும்மா" என்றேன்.   இப்போது கடன் எவ்வளவு என்று கேட்டேன்.

"பத்தொம்பதுங்க. அடக்கச் செலவு, மருந்து, கம்பளி எல்லாம் சேந்துருச்சு."

என் மாதச் சம்பளத்தைவிட நாலு ரூபாய் அதிகம். பையில் ஐந்து ரூபாய் இருந்தது. அதை எடுத்து அவள் முன்னால் பெஞ்சில் வைத்தேன். இதை வைத்துக்கொள், மீதிக்கு நான் அப்பாவிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அவள் காசைத் தொடவில்லை. பயந்தவள் மாதிரி ஓர் அடி பின்னால் போனாள்.

"இத யாரு தலைக்குங்க எழுதுவீங்க?"

"யார் தலைக்கும் இல்லையம்மா. கடன் இல்லை. சும்மா கொடுக்கிறேன்."

அப்படி ஒரு காசு உண்டு என்று அவள் நம்பவில்லை. அவள் வாழ்நாளில் அவள் கைக்கு வந்த ஒவ்வொரு சல்லியும் எங்கேயோ ஒரு பேருக்கு எதிரே எழுதப்பட்டிருக்கிறது. நான் மூன்று தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அதே பார்வை பார்த்தாள், பேர் எழுதினால் பணம் கூடும் என்று நான் சொன்னபோது பார்த்தாளே, அந்தப் பார்வை.

"எந்தலைக்கே எழுதிக்கங்க அய்யா" என்றாள். "புள்ளடி எங்க போடணும்?"

காசை வாங்கிக்கொண்டு போனால் போதும் என்று ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினேன். குனிந்து, மெதுவாகத் தன் புள்ளடியைப் போட்டாள். பக்கத்தில் நின்ற பெரியவள், தானும் போட வேண்டும் என்று நினைத்தோ என்னவோ, பேனாவுக்குக் கை நீட்டினாள். தாய் அவள் கையில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். நாங்கள் மூன்று பேரும் திடுக்கிட்டுப் போகும் அளவுக்கு அடித்தாள்.

"நீ போடாத" என்றாள். "ஒம்பேரு எங்கயும் வேணாம்."